ஹேமலதாவின் டோக்கனில் நான்

ஆஸ்பத்திரியில் நர்ஸ் என் பெயரைக் கேட்டபோது வலது கையில் இரண்டு விரல்கள் நசுங்கித் தொங்கிக்கொண்டிருந்தன. அந்த நிலையிலும் யோசித்துத்தான் பதில் சொன்னேன்.

“ஹேமலதா.”

“வயசு?”

அதற்கும் யோசித்தேன். ஹேமலதா என்னைவிட மூன்று வயது சின்னவள். “இருபத்தாறு” என்றேன். பக்கத்தில் நின்றிருந்த சூப்பர்வைசர் சமீருல்லாவுக்கு அப்போதுதான் மூச்சே வந்தது. ஃபேக்டரியிலிருந்து வேனில் வரும் வழியெல்லாம் அவர் எனக்கு இதைத்தான் சொல்லிக்கொடுத்துக்கொண்டு வந்தார். கையில் சுற்றிய துணியில் ரத்தம் ஊறி மடியில் சொட்டுகிறது, அவர் “பேரு ஹேமலதா, வயசு இருபத்தாறு, மறந்துடாதம்மா, ஒன் நல்லதுக்குத்தான் சொல்றேன்” என்கிறார். நானும் பாடம் ஒப்பிக்கிற பிள்ளை மாதிரி திருப்பித் திருப்பிச் சொன்னேன். வலியைவிட அதை மறந்துவிடுவேனோ என்ற பயம்தான் எனக்குப் பெரிதாக இருந்தது.

என் பெயர் எழிலரசி. ஹேமலதா என் நாத்தனார், என் வீட்டுக்காரர் கோபியின் தங்கை. ஆம்பூர்ப் பக்கம் ஒரு ஷூ ஃபேக்டரியில் ஆறு வருஷம் வேலை செய்தாள். கல்யாணமாகிக் கலவை ஊருக்குப் போனபோது வேலையை விட்டிருக்க வேண்டும். ஆனால் எங்கள் பக்கம் யாரும் கம்பெனிக் கார்டை விடுவதில்லை. விட்டால் ஆறு வருஷ சர்வீஸ் போச்சு, திரும்பப் போனால் புது ஆள் கணக்கு. அதனால் அக்காவுக்குக் கல்யாணமானால் தங்கை போவாள், தங்கைக்குப் பிரசவம் என்றால் அண்ணி போவாள். டோக்கன் நம்பர் ஒன்றுதான், ஆள் மட்டும் மாறும். மேலே இருக்கிறவர்களுக்கும் இது தெரியும். லைனில் ஆள் குறையாமல் இருந்தால் அவர்களுக்குப் போதும். சமீருல்லாதான் என்னை வருகை பதிகிற டைம் ஆபீசுக்குக் கூட்டிப்போய், ஹேமாவின் நம்பரில் என் ரேகையை ஏற்றிவைத்தார். வலது ஆள்காட்டி விரல் ஒன்று; அது படியாத நாளுக்கு இடது ஆள்காட்டி விரல் ஒன்று.

எங்கள் ஊர் ஒடுகத்தூரிலிருந்து கம்பெனி பஸ். கேட்டில் வரிசையில் நின்று விரல் வைத்தால் மிஷின் “தேங்க் யூ” என்று ஒரு பெண் குரலில் சொல்லும். சொன்னால்தான் அன்றைக்கு நான் வேலைக்கு வந்ததாக அர்த்தம். ஆனால் ஷூ ஒட்டுகிற பேஸ்ட்டும் சொல்யூஷனும் துடைத்துத் துடைத்து எங்கள் விரலில் ரேகை எங்கே இருக்கிறது? பாதிப் பேருக்கு மிஷின் “ட்ரை அகெய்ன்” என்றுதான் சொல்லும். அதற்கு நாங்களே ஒரு வழி கண்டுபிடித்திருந்தோம். விரலை நெற்றியில், எண்ணெய் வைத்த முடியோரமாக ஒரு தேய் தேய்த்துவிட்டு வைத்தால் பட்டென்று எடுத்துக்கொள்ளும். எனக்கு மட்டும் அது தினமும் மறந்துபோகும். மிஷின் முன்னால் போனாலே, இன்றைக்கு நான் ஹேமா இல்லை என்று கண்டுபிடித்துவிடுமோ என்று உள்ளே ஒரு உதறல். வெறும் விரலை வைப்பேன், அது ட்ரை அகெய்ன் என்னும். எனக்குப் பின்னால் நிற்கிற தில்ஷாத் கத்துவாள். “ஏ எழிலு, நெத்தில தேய்டி! உன்னால எனக்கும் லேட்டு!” எட்டரையைத் தாண்டினால் அரை நாள் போய்விடும், கத்தாமல் என்ன செய்வாள்? வெளிநாட்டுக்காரர்கள் ஆடிட் வருகிற நாளில் மட்டும் எல்லோரும் என்னை ஹேமா என்று கூப்பிடுவார்கள். மற்ற நாளில் நான் எழிலுதான்.

என்னைப் போல் ஒரு பயந்தாங்கொள்ளியை நீங்கள் பார்த்திருக்க முடியாது. பஸ்ஸில் கண்டக்டர் மீதி ஐந்து ரூபாய் தரவில்லையென்றால் கேட்காமல் இறங்கிவிடுகிற ஜாதி நான். அப்படிப்பட்டவள் பதினாலு மாதம் இன்னொருத்தி பெயரில் வேலை செய்தேன்.

விரல் போனது லைனிங் துணி வெட்டுகிற பிரஸ்ஸில். அதில் இரண்டு பட்டன் இருக்கும், இரண்டு கையாலும் ஒரே நேரத்தில் அமுக்கினால்தான் மேல் தட்டு இறங்கும். கை உள்ளே மாட்டக்கூடாது என்று செய்த ஏற்பாடு. டார்கெட் ஏறாது என்று ஒரு பட்டனை டேப் சுற்றி எப்போதும் அமுக்கியே வைத்திருப்பார்கள். நான் அங்கே போன முதல் நாளே அந்த டேப் பழுப்பேறிப் பழசாக இருந்தது. அன்றைக்கு இடது கை மற்ற பட்டனை அமுக்கியபோது வலது கை தட்டுக்கடியில் துணியைச் சரிசெய்துகொண்டிருந்தது. ஆஸ்பத்திரியில் ஆள்காட்டி விரலில் இரண்டு கணு, நடுவிரலில் ஒன்று எடுத்துவிட்டார்கள்.

மூன்றாம் நாள் வீட்டுக்கு அனுப்பிவைத்தார்கள். அடுத்த வாரம் கம்பெனி மேனேஜர் சூரியபிரகாஷ் காரில் வந்தார். கூடவே சமீருல்லா, தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு. சூரியபிரகாஷ் குரலை உயர்த்துகிற ஆளே இல்லை. பழம் வாங்கிவந்திருந்தார். கையைப் பார்த்து உச்சுக்கொட்டினார். அதற்கப்புறம்தான் பேச்சை எடுத்தார்.

“ஆஸ்பத்திரில பேரு ஹேமலதான்னு சொல்லிட்டீங்க. எங்க நோட்டுலயும் ஹேமலதாதான். நீங்க யாருன்னு யாராவது கேட்டா நான் இன்னா சொல்றது? இது ஆள்மாறாட்டம்மா. போலீஸ் கேஸ். நீங்க மட்டுமில்ல, ஒங்க நாத்தனாரும் உள்ள போவாங்க. மாசமா இருக்காங்களாமே?”

அவர் ஒரு பேப்பரை கோபியிடம் நீட்டினார். ஹேமலதாவுக்கு வீட்டில் அடிபட்டது, கம்பெனிக்கும் அதற்கும் சம்பந்தமில்லை, வேலையிலிருந்து தானே நின்றுகொள்கிறாள் என்று எழுதியிருந்தது. கீழே ஹேமா கையெழுத்துப் போட வேண்டும். போட்டுவிட்டால் ஐம்பதாயிரம் தருவார்கள், கோபிக்கு குடோனில் வேலையும் உண்டு.

எனக்குத்தான் விரல் போயிருந்தது. கையெழுத்துப் போட வேண்டியவள் வேறு ஒருத்தி! அதைச் சொல்லிச் சிரிக்கலாம் போலத்தான் இருந்தது. ஆனால் போலீஸ் என்ற சொல் காதில் விழுந்ததுமே அந்தச் சிரிப்பு அடங்கிவிட்டது. கார் போனபிறகு பின்பக்கம் போய் வாந்தி எடுத்தேன். அன்றிலிருந்து தெருவில் புல்லட் வண்டிச் சத்தம் கேட்டாலே உள்ளே போய்த் தாழ் போட்டுக்கொள்வேன். புல்லட் எங்கள் தெரு பால்காரருடையது.

ஹேமா கலவையிலிருந்து வந்தாள். ஏழு மாத வயிறு. வந்ததும் என் கட்டுப்போட்ட கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். அந்தக் கார்டில் இ.எஸ்.ஐ. காப்பீட்டிலிருந்து பிரசவத்துக்குப் பணம் வரும் என்று அவள் மாமியாரிடம் சொல்லிவைத்திருந்தாள். விஷயம் வெளியே போனால் அந்த வீட்டில் அவள் கதி என்ன ஆகும் என்பது எனக்குத் தெரியாததல்ல.

“போட்டுடு ஹேமா, பேஜார் வேணாம்,” என்றார் கோபி.

“அண்ணி, நீ இன்னா சொல்ற?” என்று அவள் என்னைப் பார்த்தாள்.

போடு என்று சொல்ல வாய் வரவில்லை, போடாதே என்று சொல்லத் தைரியம் வரவில்லை. ஹேமா பேப்பரை நாலாக மடித்துப் பையில் வைத்துக்கொண்டு சாயங்கால பஸ்ஸில் போய்விட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை தில்ஷாத் வந்தாள். பர்தாவை நன்றாக இழுத்துவிட்டுக்கொண்டு, தெருவை இரண்டு தரம் திரும்பிப் பார்த்துவிட்டுத்தான் உள்ளே நுழைந்தாள். ரஸ்க் பாக்கெட்டை வைத்துவிட்டு நேராக விஷயத்துக்கு வந்தாள்.

“எதிலயாவது கையெழுத்துப் போட்டியா?”

“நான் போடல. போட வேண்டியது ஹேமா.”

“போட வேணாம்னு சொல்லு. எங்க வீட்டுக்காரர் கை, தோல் பதப்படுத்தற ஷாப்ல டிரம்முல மாட்டிக்கிச்சே, அப்ப வெத்துப் பேப்பர்ல போட்டுட்டு வந்தோம். அதுக்கப்புறம் எங்க போயும் நடக்கல. வேலூர்ல லேபர் ஆபீஸ் இருக்கு. அங்க போய்ச் சொல்லு.”

“போலீஸ்ல பிடிச்சிக் குடுத்துட்டா?”

“தெரியல. ஆனா கேளு. கேக்காமயே பயந்து பயந்து நாங்க இன்னா கண்டோம்?” எழுந்து வாசல்வரை போனவள் திரும்பி வந்தாள். குரல் தாழ்ந்துவிட்டது. “ஒண்ணு மட்டும். சாட்சி அது இதுன்னு என் பேர இழுத்துடாத எழிலு. எங்க வீட்ல இப்ப சம்பாதிக்கிறது நான் ஒருத்திதான். உன் கால்ல விழறேன்.”

சத்தியம் செய்துகொடுத்தேன். அவள் கண்ணில் இருந்த பயம் எனக்கு ரொம்பப் பழக்கமான பயம்.

கோபியிடம் ஆஸ்பத்திரிக்குக் கட்டு மாற்றப் போகிறேன் என்று பொய் சொல்லிவிட்டு வேலூர் பஸ் ஏறினேன். ஆபீஸ் எங்கே என்று தெரியாமல் முன்னாலேயே இறங்கி, லாங் பஜாருக்குள் மாட்டிக்கொண்டேன். கைவண்டி ஒரு பக்கம், ஸ்கூட்டர் ஒரு பக்கம் இடிக்கிறது. கையில் எதுவும் பட்டுவிடக்கூடாதே என்று வலது கையைத் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்துக்கொண்டு நடந்தேன். “இன்னாம்மா, யாருக்கு ஓட்டு?” என்று ஒரு வெங்காயக் கடைக்காரர் கேட்டார். அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தது.

ஆபீசில் ஒரு பெண் அதிகாரி இருந்தார். என் வயதுதான் இருக்கும். நான் மூன்று தடவை வெளியே போய் மூன்று தடவை உள்ளே வந்ததை அவர் பார்த்துக்கொண்டே இருந்திருக்கிறார். “உக்காருங்க. தண்ணி குடிங்க. கை எப்படிப் போச்சு, அதை மட்டும் முதல்ல சொல்லுங்க,” என்றார்.

சொன்னேன். பெயர் விஷயத்தையும் சொன்னேன். இவரே இப்போது போனை எடுத்துப் போலீசைக் கூப்பிடுவார் என்று வாசலைப் பார்த்துக்கொண்டே சொன்னேன்.

அவர் ஆஸ்பத்திரிச் சீட்டை வாங்கிப் படித்தார். “இதுல வீட்டு கிரைண்டர்ல மாட்டினதா எழுதியிருக்கே?”

“அது சூப்பர்வைசர் சொல்லி எழுதுனது. எங்க வீட்ல கிரைண்டரே கெடையாது மேடம். மிக்ஸிதான்.”

அவர் முதல் தடவையாகச் சிரித்தார். பிறகு நிறுத்தி நிதானமாகச் சொன்னார். “பாருங்கம்மா, பேர மாத்திச் சொன்னது தப்புதான். அதை மறைக்காதீங்க, மனுவுல நீங்களே முதல்ல எழுதிடுங்க. அதுக்காகக் கேஸே வராதுன்னு நான் சத்தியம் பண்ண மாட்டேன். ஆனா வேலை செய்றப்ப, அந்த வேலையால அடிபட்டா, அடிபட்டவங்களுக்குத்தான் நஷ்டஈடு. நோட்டுல இருக்கற பேருக்கு இல்ல. ஒங்க பேர நோட்டுல ஏத்தாம வேலை வாங்குனது அவங்க தப்பு. அவங்க தப்பு உங்க உரிமைய எடுத்துக்காது.”

“அம்பதாயிரம் தர்றேன்றாங்க...”

“எந்த விரல், எத்தனை கணு, உங்க வயசு, சம்பளம், இத வெச்சு சட்டத்துலயே கணக்கு இருக்கு. அவரா ஒரு தொகை சொல்றது கணக்கு இல்ல. உரிமை வேணாம்னு எழுதி வாங்கற பேப்பரும் சட்டத்துல செல்லாது. பணத்த இ.எஸ்.ஐ. குடுக்கணுமா கம்பெனி குடுக்கணுமான்றது அப்புறம். இப்ப ஒண்ணே ஒண்ணுதான் வேணும். அன்னைக்கு நீங்க அந்தக் கட்டடத்துக்குள்ள வேலை செஞ்சீங்கன்னு காட்டணும். சாட்சி இருக்கா?”

“இல்ல மேடம்,” என்றேன். தில்ஷாத்துக்குச் சத்தியம் செய்துகொடுத்திருந்தேனே.

“வேற ஏதாவது?”

அப்போதுதான் இடது கை நினைவுக்கு வந்தது. வலது விரல் போய்விட்டது. இடது ஆள்காட்டி விரல் அந்த மிஷினுக்குள் இன்னும் இருக்கிறது. சொன்னேன். அவர் பேனாவை வைத்துவிட்டு நிமிர்ந்து உட்கார்ந்தார்.

மனு எழுதிக்கொடுத்த பத்தாம் நாள் விசாரணை. காலை எட்டு மணிக்கு, ஆள் உள்ளே போகிற நேரத்தில், கேட்டிலேயே வைத்துப் பார்க்கலாம் என்று மேடம் சொல்லியிருந்தார். கோபியிடம் உண்மையைச் சொல்லிவிட்டேன். மூன்றாம் நாள் “நானும் வர்றேன்,” என்றார். வந்தவர் கேட்டுக்கு எதிர்ப்பக்கம் டீக்கடையிலேயே நின்றுவிட்டார். அவருக்கும் பயம்தான், குறை சொல்ல முடியாது.

வரிசையில் ஐம்பது அறுபது பேர் இருந்தார்கள். எல்லோரும் பதினாலு மாதம் என்னோடு சாப்பிட்டவர்கள். ஒருத்தி முகமும் என் பக்கம் திரும்பவில்லை. எல்லோரும் செருப்பைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். தில்ஷாத் வரிசையின் முன்பக்கம் மூன்றாவதாக நின்றாள், துப்பட்டாவின் நுனியைக் கடித்துக்கொண்டு.

சூரியபிரகாஷ் வந்தார். மேடத்துக்கு வணக்கம் சொன்னார். “ஹேமலதா எங்க தொழிலாளிதான் மேடம். ரொம்ப நாளா லீவு. வீட்ல அடிபட்டதா அவங்களே எழுதிக் குடுத்திருக்காங்க,” என்று ஒரு பேப்பரை எடுத்துக் கொடுத்தார். நாலாக மடித்த தடம் அதில் இருந்தது. கீழே ஹேமாவின் கையெழுத்து, கோணல்மாணலாக.

ஹேமா மேல் எனக்குக் கோபம் வரவில்லை. அவள் பயம் எனக்குத் தெரியாதா? ஆனால் நான் தனியாகிவிட்டேன் என்பது மட்டும் நன்றாகப் புரிந்தது.

“அப்ப இவங்க கை?” என்றார் மேடம்.

“இவங்க யாருன்னே எங்களுக்குத் தெரியாது மேடம். குடும்பமாச் சேந்து ஏமாத்தறாங்க. எங்களுக்கே போலீசுக்குப் போகலாமான்னு இருக்கு.”

சமீருல்லா கேட் கம்பியைப் பிடித்துக்கொண்டு தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“மிஷின்ல வைங்கம்மா,” என்றார் மேடம்.

இடது விரலை வைத்தேன். வேர்வையில் வழுக்கியது. “ட்ரை அகெய்ன்.”

புடவையில் துடைத்துவிட்டு மறுபடி வைத்தேன். “ட்ரை அகெய்ன்.”

“பாத்தீங்களா மேடம்,” என்றார் சூரியபிரகாஷ். அவர் முகத்தில் கொஞ்சம்கூடப் பதற்றம் இல்லை. அதைப் பார்த்ததும் எனக்கு விளங்கிவிட்டது. என் ரேகையை அழித்துவிட்டிருக்கிறார்கள். அந்த மிஷினுக்குள் நான் இல்லை. எங்கேயுமே நான் இல்லை. ஆஸ்பத்திரிச் சீட்டில் இல்லை, நோட்டில் இல்லை, சம்பளச் சீட்டில் இல்லை. இந்தக் கை எந்தப் பெயரிலும் சேராத கை. அடுத்தது போலீஸ் ஜீப்தான். என் விரல் மட்டும் மிஷின் மேலேயே இருந்தது, எடுக்கத் தோன்றவில்லை. கேட்டுக்கு மேலிருந்த கடிகாரம் எட்டு இருபத்தெட்டு காட்டியது.

“ஏ எழிலு! நெத்தில தேச்சிட்டு வைடி! டெய்லி சொல்லணுமா ஒனக்கு?”

யார் குரல் என்று திரும்பிப் பார்க்க வேண்டிய அவசியமே எனக்கு இல்லை. பதினாலு மாதம் கேட்ட குரல், அதே எரிச்சல்.

தில்ஷாத்தின் கை அவள் வாய்க்குப் போனது. வரிசையில் இருந்த அத்தனை செருப்புகளையும் விட்டுவிட்டு எல்லோரும் அவளைப் பார்த்தார்கள். சூரியபிரகாஷும் பார்த்தார்.

“யாரும்மா பேசினது?” என்று மேடம் கேட்டார். “டெய்லின்னா?”

நான் தலையை ஆட்டினேன். வேண்டாம் தில்ஷாத், சொல்லாதே, உள்ளே போ என்று கண்ணாலேயே கெஞ்சினேன். எனக்காகப் பயந்ததைவிட அந்த நிமிஷம் அவளுக்காக நான் அதிகம் பயந்தேன். “அவங்கள விட்டுடுங்க மேடம்,” என்று வாய்விட்டே சொல்லிவிட்டேன்.

தில்ஷாத் வாயிலிருந்து கையை எடுத்தாள். அவள் கடிகாரத்தைப் பார்த்தாள், சூரியபிரகாஷைப் பார்த்தாள், கடைசியில் என் கைக்கட்டைப் பார்த்தாள். வரிசையை விட்டு ஓர் அடி வெளியே வந்தாள்.

“பதினாலு மாசமா மேடம். எனக்கு முன்னாடிதான் நிப்பா. டெய்லி இதே பேஜாருதான் இவளோட. தேய்க்காம வெப்பா, நான் கத்துவேன். அன்னைக்குக் காலைலயும் கத்தனேன்.” மூச்சு வாங்கினாள். “பத்தரைக்குக் கை போச்சு. நான்தான் துணி சுத்துனேன்.”

பின்னால் யாரோ “ஆமா” என்றார்கள். ரொம்பச் சின்னக் குரல். அப்புறம் இன்னொரு ஆமா. யார் யார் என்று பார்க்கும் தைரியம் எனக்கு இல்லை.

நான் விரலை நெற்றியில் தேய்த்து மூன்றாவது தடவையாக வைத்தேன். மிஷின் அதே பதிலைத்தான் சொன்னது. சூரியபிரகாஷ் வாயைத் திறந்தார். மேடம் அவர் பக்கம் திரும்பாமலே, “மிஷின் ரெக்கார்ட இன்னைக்கே எடுத்துட்டுப் போறோம் சார், எது எப்ப அழிச்சதுன்னும் அதுல இருக்கும்,” என்று சொல்லிவிட்டு ஒரு வெள்ளைத்தாளை எடுத்து அட்டையில் செருகி என்னைப் பார்த்தார்.

“வாக்குமூலம் எழுதணும்மா. பேரச் சொல்லுங்க.”

பழக்கத்தில் சமீருல்லாவைப் பார்த்தேன். “ஹே” என்று வாய் தானாகத் திறந்தது. மூடிக்கொண்டேன். எதிரே டீக்கடையிலிருந்து கோபி ரோட்டைத் தாண்டி வந்துகொண்டிருந்தார்.

“எழிலரசி.”

“கேக்கல. சத்தமாச் சொல்லுங்க.”

போலீஸ் வருமா, ஹேமா என்ன ஆவாள், தில்ஷாத்துக்கு நாளைக்கு வேலை இருக்குமா, எதுவும் எனக்குத் தெரியாது. வரிசையின் கடைசி ஆளுக்கும் கேட்கிற மாதிரி இன்னொரு தடவை என் பெயரைச் சொன்னேன்.